குல்போர்சுண்டில் தூண்டில் போட்டால் கருவாய் உழுவைதான் வருகிறது: திருப்பி விடுவதா, சட்டியில் போடுவதா?

பண்ணைப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டென்மார்க்கில் இருந்து எழுதுகிறேன். 1986இல் இங்கே வந்து நாற்பது வருடத்துக்குக் கிட்ட ஹேர்னிங்கில் இருந்தேன். அது நடு நிலம். கடல் பார்க்க வேண்டுமென்றால் காரை எடுக்க வேண்டும். போன வருடம் பென்சன் எடுத்ததும் மனுசி, "இனிப் போய் மகளுக்குக் கிட்ட இருப்போம்" என்று சொல்லிவிட்டார். மகள் இருப்பது ஃபால்ஸ்டர் தீவில், நிக்கோபிங் என்ற ஊரில். வீட்டில் இருந்து பத்து நிமிடம் நடந்தால் குல்போர்சுண்ட். லோலன், ஃபால்ஸ்டர் இரண்டு தீவுக்கும் நடுவில் ஓடும் ஒடுங்கிய கடல். ஆழமில்லை. வெயில் ஏறினால் பாசி வாசம் அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் நிற்கிற மாதிரியே இருக்கும், காற்று முகத்தில் அடிக்கும் வரைக்கும்.

பென்சன்காரருக்கு இந்த நாட்டில் மீன்பிடி அட்டையும் தேவையில்லை. ஆகையால் கிழமைக்கு மூன்று நாள் தூண்டிலும் வாளியும்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஒரு மீன்தான் வருகிறது. போன ஞாயிறு இரண்டு மணித்தியாலம் நின்றேன். இருபத்து மூன்று மீன். இருபத்திரண்டு அதுவே. மிச்சம் ஒன்று உள்ளங்கை அளவு தட்டை மீன். இரை இறால் துண்டு. புழுவைக் குத்திப் பார்த்தேன், அதற்கும் இதுதான். ஈயம் தரையில் இருந்தாலும் இது, கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலும் இது. மே மாதம் முரல் வந்த இரண்டு மூன்று கிழமைதான் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்தது. (இங்கத்தைய முரலுக்கும் எலும்பு பச்சைதான். எங்கள் ஊர் முரலைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.)

மீனைச் சொல்கிறேன். ஒரு சாணுக்குக் குறைவு. தலை பெரிது, கன்னம் இரண்டு பக்கமும் ஊதினது போல, கண் மேலே ஏறி இருக்கும். மண் நிறத்தில் திட்டுத் திட்டாக. முதுகின் முதல் செட்டையில், பின்பக்க முடிவில், மையில் தொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. வயிற்றுச் செட்டைகள் இரண்டும் ஒட்டி ஒரு சின்னக் கிண்ணமாக இருக்கிறது. வாளியில் விட்டால் அந்தக் கிண்ணத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தண்ணீரைச் சரித்து ஊற்றினேன், ஒருவர் அசையாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தார். மே மாதத்தில் ஒன்று வந்தது, முழுக்க நிலக்கரி நிறம். பேரன், "அம்மப்பா, இதை யாரோ சுட்டுப்போட்டுத் தண்ணிக்குள்ளே விட்டிருக்கிறாங்கள்" என்றான்.

எனக்கு இது உழுவை போலத்தான் தெரிகிறது. சின்ன வயதில் கண்டல் வேருக்குள் கையை விட்டுப் பிடித்த அதே முகம். தூண்டில் சாமான் விற்கும் கடையில் கேட்டேன், டேனிஷில் "கறுப்பு வாய்க் குட்லிங்" என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் சொன்னார்கள். அதனால் நான் கருவாய் உழுவை என்று வைத்துக்கொண்டேன்.

நான் இதுவரை செய்தது, சின்ன மீன்தானே என்று ஒவ்வொன்றாகத் திருப்பி விட்டது. எங்கள் அப்பா அப்படித்தான் பழக்கினார்: சின்னதை விடு, நாளைக்குப் பெரிதாக வரும். போன ஞாயிறு பக்கத்தில் நின்ற டேனிஷ் கிழவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். இறாலுக்கும் விலாங்குக்கும் கூட்டுவலை போடுகிறவர். என் கையைப் பிடிக்காத குறை. "அதைத் தண்ணீரில் போடாதே, அது என் இறாலைத் தின்கிறது!" என்று ஒரே சத்தம். நாற்பது வருடத்தில் ஒரு டேனிஷ்காரர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

இது எங்கே இருந்து வந்தது? திருப்பி விட்டது பிழையா? சாப்பிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் போட முயன்றேன், தளம் ஏற்கவில்லை.

---

மோன்தீவுக்காரி எழுதியது:

அண்ணை, படம் தேவையில்லை. அந்த மைப்பொட்டு ஒன்றே போதும். நான் உங்களுக்கு வடக்கே மோன் தீவில், ஸ்டேகேயில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்கை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இதைத்தான் பிடிக்கவிடுவேன். ஏனென்றால் ஏமாற்றாத மீன் இது ஒன்றுதான், எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பாது.

உழுவை என்றது சரி. உழுவைக் குடும்பந்தான். ஆனால் எங்கள் ஊர்க் கழிமுகத்து உழுவை அல்ல. இதன் சொந்த வீடு கருங்கடல், அசோவ் கடல், காஸ்பியன் கடல். விஞ்ஞானப் பெயரில் இருக்கும் "மெலனோஸ்டோமஸ்" என்ற சொல்லுக்கும் கருவாய் என்றுதான் அர்த்தம். 1814இல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் வைத்த பெயர். நீங்கள் தமிழில் வைத்ததும் அதே பெயர்தான், பாருங்கள்.

பால்டிக் கடலில் இதை முதலில் கண்டது 1990இல், போலந்தின் க்டான்ஸ்க் வளைகுடாவில், ஹெல் என்ற மெல்லிய மணல்நாக்குப் பக்கம். நீந்தி வரவில்லை. கப்பல் வெறுமையாகப் போகும்போது ஆட்டம் காணாமல் இருக்க அடித்தொட்டியில் கடல்நீர் நிரப்புவார்கள் அல்லவா, அந்த நீரோடு வந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் உறிஞ்சி, இன்னொரு துறைமுகத்தில் கொட்டுவது. இதன் குஞ்சுகள் இரவில் தரையை விட்டு மேலே எழும்பி வரும், கப்பல் உறிஞ்சும் நேரத்தில் அகப்பட்டால் அவ்வளவுதான். இந்த நீரைச் சுத்தப்படுத்திக் கொட்ட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2004இல் எழுதி, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவர் அதற்குள் வீடு கட்டிக் குடியேறி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார்.

டென்மார்க்கில் 2008இல் போர்ன்ஹோல்ம் தீவுப் பக்கம், அடுத்த வருடம் 2009இல் உங்கள் குல்போர்சுண்டில். அதாவது நீங்கள் தூண்டில் போடுவது அவர்களுடைய பழைய கோட்டை வாசலில். அங்கே இருந்துதான் எங்கள் மோன் பக்கம் வந்தது. டேனிஷ் கரையோரம் வருடத்துக்குச் சுமார் 30 கிலோமீற்றர் பரவியது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கல்லுப் போலக் கீழே போகும். கல்லுக்குக் கல் தத்தித் தத்திப் போகிற ஆள். இப்படிப்பட்டவர் வருடம் 30 கிலோமீற்றர் போவது எப்படி? ஒரு பகுதி சொந்த முயற்சி. குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய், வசந்தத்தில் கரைக்குத் திரும்பும், அந்தப் போக்குவரத்தில் சிலர் வேறு கரையில் ஏறுவார்கள். (நவம்பரில் உங்களுக்கு ஒன்றும் கடிக்காது, பாருங்கள். சித்திரையில் திரும்பவும் வாளி நிரம்பும்.) மிச்சத்துக்குப் படகுகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். துறைமுகம் துறைமுகமாகத் தாவியிருக்கிறது இது.

நீங்கள் கண்ட கரி நிற மீன் ஆண். இனப்பெருக்க காலத்தில் அப்படிக் கறுக்கும். கல்லுக்கடியில் ஒரு பொந்தைப் பிடித்துத் துப்புரவாக்கி, பெண் மீன்களைக் கூப்பிடும். ஒருத்தி அல்ல, பலர் வந்து அதே கூரையில் முட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். பிறகு காவல் முழுக்க அப்பாதான். செட்டையால் விசிறி முட்டைக்குக் காற்றுக் கொடுக்கும், வருகிறவனை எல்லாம் கடித்துத் துரத்தும். பெண் அந்தப் பருவத்திலேயே பல தடவை முட்டையிடும். துறைமுகத்துக் கற்குவியல் இதற்கு மாடி வீடு. மனிதர் கட்டிய கல்லணை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது இருக்கும்.

பால்டிக் ஏன் பிடித்துப்போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். உப்புத்தான் காரணம். சமுத்திர நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கருங்கடலின் மேல்நீரில் ஏறக்குறைய 18, காஸ்பியனில் 13க்குக் கிட்ட. க்டான்ஸ்க் பக்கம் 7. அவருக்கு இது வேறு நாடு போலவே தெரிந்திருக்காது. பக்கத்துத் தெரு மாதிரி.

கிழவரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மீனின் பெரிய சாப்பாடு நீல மட்டி. தொண்டைக்குள் அரைக்கும் பல் இருக்கிறது, சின்ன மட்டியை ஓட்டோடு நொறுக்கும். அது போக இறால், புழு, மற்ற மீனின் முட்டை, வாய்க்கு அகப்பட்ட எதுவும். இறால் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு கூட்டம் இறங்கினால் இறால்காரர் சத்தம் போடாமல் என்ன செய்வார்? எங்கள் பக்கத்திலும் கூட்டுவலைக்காரர் ஒருவர் இருந்தார். வலையைத் தூக்கினால் இறாலுக்குப் பதில் இதே மீன், கிலோக் கணக்கில். ஒரு வருடம் பார்த்தார், பிறகு வலையைக் கழுவி மடித்துக் கொட்டிலில் வைத்துவிட்டார்.

ஆகவே அண்ணை, திருப்பி விட வேண்டாம். அப்பா சொன்னது எங்கள் கடலுக்கும் எங்கள் மீனுக்கும் சரி. இதைப் பிடித்ததும் தலையில் ஒரு அடி, ஐஸ் பெட்டி. ஆனால் ஒன்று, நீங்கள் நாளுக்கு இருபத்திரண்டு பிடிப்பதால் இது குறையப் போவதில்லை. அந்த நினைப்பு வேண்டாம். உண்மையில் நீங்கள் காப்பாற்றக்கூடியது வேறு இடத்தை. உயிரோடு வாளியில் எடுத்துக்கொண்டு போய் இன்னோர் இடத்தில், அதுவும் ஆற்றிலோ ஏரியிலோ ஒருபோதும் விடக்கூடாது. நன்னீரிலும் இது சுகமாக வாழும். பேரன் மீன்தொட்டியில் வளர்க்கக் கேட்பான், கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைத் தின்னக்கூடிய பெரிய மீன் கொட். டேனிஷில் தொஸ்க். அது இப்போது மேற்கு பால்டிக்கில் இருக்கும் நிலை தெரியுந்தானே, 2024இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கும் கொட் பிடிக்கத் தடை வந்தது. காவல்காரன் படுத்துவிட்ட வீட்டுக்குள் இவர் வந்திருக்கிறார். முழுப் பழியையும் இந்தச் சாண் மீனின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாப்பிடலாமா என்றால், தாராளமாக. தலை பெரிது, அதனால் பாதி கழிவு. மிச்சம் வெள்ளைச் சதை, இறுக்கமானது. துறைமுகத்தின் உள்ளே, படகுக்கு நிறம் பூசும் மேடைப் பக்கம் பிடித்ததை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்.

---

ஸ்காபரோ_தூண்டில் எழுதியது:

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அண்ணை, நாங்கள் ரொறன்ரோவில் இருபது வருடமாக இவரோடுதான் மல்லுக்கட்டுகிறோம். ஒன்ராறியோ ஏரியில், கரையில் நின்று புழுப் போட்டால் முதலில் கையெழுத்துப் போடுவது இவர்தான். இங்கேயும் 1990இல்தான், சென் கிளேர் ஆற்றில் கண்டார்கள். பால்டிக்கில் கண்ட அதே வருடம்! இரண்டுக்கும் கப்பல் தண்ணீர்தான்.

அக்கா சொன்ன விஷயம் இங்கே சட்டமாகவே இருக்கிறது. ஒன்ராறியோவில் இதை உயிரோடு வைத்திருக்கவோ இரையாகப் பாவிக்கவோ கூடாது. பிடித்தால் கொல்ல வேண்டும், தண்ணீரில் திருப்பி விடக்கூடாது. எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் வாளியில் பத்துப் பன்னிரண்டு நீந்திக்கொண்டிருந்தது, அதிகாரி வந்து பார்த்துவிட்டு நல்ல வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். அபராதம் போடவில்லை, அது என் மனைவி கூட நின்ற புண்ணியம்.

ஆனால் இங்கே நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். ஈரி ஏரித் தீவுகளில் ஒரு தண்ணீர்ப் பாம்பு இருக்கிறது. அழிந்துபோகும் என்று 1999இல் அமெரிக்க அரசு பாதுகாப்புப் பட்டியலில் போட்டது. அந்தக் காலத்தில்தான் இந்த மீன் அங்கே பெருகியது. பாம்பு பழைய சாப்பாட்டை எல்லாம் விட்டுவிட்டு இதையே தின்னத் தொடங்கியது. சாப்பாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுதான் என்று வந்துவிட்டது. பாம்பு நன்றாகக் கொழுத்து, குட்டி கூடி, 2011இல் பட்டியலை விட்டே எடுத்துவிட்டார்கள். பாஸ் மீனும் இதைத் தின்று பெருத்திருக்கிறது, என் மச்சான் பிடித்த பாஸைத் தூக்கிப் படம் எடுக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

கெட்ட பக்கமும் உண்டு. இங்கத்தைய மட்டிகளும் கருங்கடல் பக்கத்தில் இருந்து வந்தவைதான், ஊர்க்காரர் எல்லோரும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள். மட்டியை இந்த மீன் தின்ன, மீனை நீர்ப்பறவை தின்ன, போட்டுலிசம் என்ற நஞ்சு அந்த வழியாகப் பறவைக்குப் போய், லூன் பறவைகள் கரையில் செத்து ஒதுங்கிய வருடங்கள் இருந்தன. நாங்கள் வீட்டில் இதைச் சமைப்பதில்லை. ஆனால் உங்கள் தண்ணீர் வேறு, நான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

---

தொண்டிக்காரன் எழுதியது:

ஐயா, நான் ராமநாதபுரம் மாவட்டம். எங்கள் பக்கம் உழுவை சந்தைக்கு வருவதே குறைவு, குழந்தைகள் பிடித்து விளையாடுவதோடு சரி. ஒரு சந்தேகம். கப்பல் தொட்டியில் ஏறிப் போலந்துக்குப் போனவர் தூத்துக்குடிக்கும் வரலாம்தானே? இங்கேயும் கப்பல் வருகிறதே.

---

மோன்தீவுக்காரி எழுதியது:

தம்பி, தொட்டியில் வருவதற்கு யாரும் தடை இல்லை, இறங்கிய பிறகுதான் பிரச்சினை. உப்பு 30ஐத் தாண்டினால் இதன் உடம்பு திணறும், சோதனைத் தொட்டியில் செத்தும் போயிருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் அதை விடக் கூட. இங்கே வடக்கே கட்டகாட் கடலுக்குப் போகப் போக உப்பு ஏறும், அந்தப் பக்கம் இதன் வேகம் குறையலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனாலும் 2010இல் சுவீடனின் யோத்தபோரித் துறைமுகத்தில் கண்டுவிட்டார்கள். அங்கே ஆறு கலக்கிறது, தண்ணீர் சப்பென்று இருக்கும். இப்படி ஆற்று வாய் ஆற்று வாயாகத் தேடிப் போகிற ஆளை உப்பு மட்டும் எவ்வளவு தூரம் மறிக்கும் என்று எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கைதான்.

---

பண்ணைப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன், மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். பாம்புக் கதையில் அவர் நம்பவில்லை.

நேற்றுப் பின்னேரம் போனேன். துறைமுகத்துக்குள் அல்ல, தெற்கே, புல்லுக்கரைப் பக்கம். பதினெட்டு மீன். ஒன்றையும் விடவில்லை. முதல் மீனின் தலையில் அடிக்கக் கை கொஞ்சம் கூசியது. நாலைந்துக்குப் பிறகு பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, பத்திரிகைத் தாளைக் குசினி மேசையில் விரித்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மோன் தங்கச்சி எழுதியதில் இருந்தே ஆசை. பதினெட்டில் பதினொன்றுக்கு உள்ளே நீல ஓட்டுச் சிதறல். நகம் வெட்டிப் போட்ட மாதிரி, ஓரம் கூரானது, உள்பக்கம் முத்து மினுக்கம். விரலால் உருட்டிப் பார்த்தால் மணல் போல நெறுநெறுத்தது. ஒன்றின் வயிற்றில் இறால் மீசை ஒன்று, நீளமாக, சுருட்டி வைத்த நூல் போல. கிழவரைக் கண்டால் காட்ட வேண்டும் என்று அதை ஈரக் கடதாசியில் சுற்றி வைத்தேன். மனுசி குப்பையில் போட்டுவிட்டார்.

இனிச் சொல்லப் போவதுதான் விசயம். நாங்கள் இருக்கும் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு உக்ரேன் அம்மா இருக்கிறார். யுத்தத்தோடு வந்தவர். படியில் கண்டால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு டேனிஷ் இப்போதுதான் வருகிறது. நேற்று நான் வாளியோடு ஏறும்போது அவர் குப்பை கொண்டு இறங்கினார். வாளியை எட்டிப் பார்த்தார். குப்பைப் பையை அப்படியே படியில் வைத்துவிட்டு, "பிச்சோக்! பிச்சோக்!" என்று ஒரே சத்தம். கையை வாளிக்குள் விட்டு ஒன்றைத் தூக்கி, அந்த மைப்பொட்டை விரலால் தடவி என்னிடம் காட்டுகிறார், எனக்குத் தெரியாதது போல.

பிறகு தொலைபேசியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசினோம். அசோவ் கடற்கரையில் பெர்டியான்ஸ்க் அவருடைய ஊர். அங்கே ஏழை பணக்காரர் எல்லோருக்கும் இந்த மீன்தானாம். காயவைத்து, மாவில் புரட்டிப் பொரித்து, தக்காளிச் சாற்றில் போட்டுத் தகரத்தில் அடைத்து. பஞ்ச காலத்தில் சனத்தைக் காப்பாற்றியது என்று இதற்கு அந்த ஊரில் சிலையே வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் படம் காட்டினார். உண்மைதான், மீனுக்குச் சிலை. அந்த ஊர் 2022இல் இருந்து ரஷ்யர் கையில். சிலைப் படத்தைக் காட்டிவிட்டு, அதே விரலால் தள்ளித் தள்ளி வேறு படங்களையும் காட்டினார். வீடு, முற்றம், ஒரு நாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு அல்பம் இருக்கிறது.

ஒன்பதை அவருக்குக் கொடுத்தேன். ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டி ஒரு தட்டுக் கொண்டுவந்தார். மாவில் புரட்டிப் பொரித்தது, உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. முள்ளு இலேசாகக் கழன்றது, சதை ஓட்டி மீன் போல இல்லை, கொஞ்சம் விளைமீன் பக்கம். பேரன் நாலு சாப்பிட்டான்.

எங்களுடைய ஒன்பதில் சதையை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தோம். தலைகளை எறிய மனம் வரவில்லை. பதினெட்டுத் தலை, அவர் கொடுத்துவிட்டதும் சேர்த்து. இன்றைக்கு மத்தியானம் ஒடியல் கூழ். பயிற்றங்காய், மரவள்ளி, கொஞ்சம் இறால், நண்டு கிடைக்கவில்லை. இந்தத் தலை கூழுக்கென்றே படைத்தது. கன்னத்துச் சதை கரைந்து போகாமல் நிற்கிறது. உக்ரேன் அம்மாவுக்கு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வாயில் கண் கலங்கினார். உறைப்பு. ஆனால் கோப்பை வெறுமையாகத்தான் திரும்பி வந்தது.

கிழவரையும் இன்றைக்குக் கண்டேன். "விட்டாயா?" என்றார். "தின்றேன்" என்றேன். யோசித்துவிட்டு, "எத்தனை வேண்டும்?" என்று கேட்டார். அவருடைய கூட்டுவலையில் வருவதை இனி எனக்கு வைத்துவிடுவாராம். எத்தனை கிலோ என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

---

ஸ்காபரோ_தூண்டில் எழுதியது:

அண்ணை, கூழைப் பற்றி எழுதி என் வேலை நேரத்தைக் கெடுத்துவிட்டீர்கள். கிழவர் தருவதை உடனே குடலெடுத்துக் குளிரூட்டியில் போடுங்கள். இந்தச் சாதி மீன் ஒரு இரவு வெளியில் கிடந்தால் சதை குழைந்துபோகும்.

---

மோன்தீவுக்காரி எழுதியது:

அண்ணை, ஒடியல் மா எங்கே வாங்கினீர்கள்? இங்கே தீவில் ஒரு தமிழ்க் கடையும் இல்லை. அடுத்த மாதம் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போகிறேன், குறைந்தது முப்பது மீன் வரும். போன வருடம் எல்லாவற்றையும் பாடசாலைக் குசினிக்காரர் மண்ணில் புதைத்தார்.

---

பண்ணைப்பாலம் எழுதியது:

மகன் ஹேர்னிங்கில் இருந்து கொண்டுவந்தது, தங்கச்சி. இரண்டு பைக்கட் இருக்கிறது, ஒன்று உங்களுக்கு. எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன். தலைகளை ஒருவரும் புதைக்க வேண்டாம்.